மொட்டை மாடியில் ஒரு குட்டிப் பொருட்காட்சி

கேள்வி இதுதான்: வீடு காட்பாடிப் பக்கம். மே மாதக் கடைசியில் அக்கா பிள்ளைகள், மச்சினர் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். தெருப் பிள்ளைகளையும் சேர்த்தால் முப்பது பேர் தேறும், நான்கு வயதிலிருந்து பதினைந்து வரை. வேலூர் கோட்டை மைதானப் பொருட்காட்சியில் பார்க்கிற வளையம் எறிதல், டப்பா அடித்தல் மாதிரி விளையாட்டுகளை மொட்டை மாடியில் போட வேண்டும். ரெடிமேடாக வாங்காமல் கையாலேயே செய்ய வேண்டும், செலவு இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது.

தாராளமாகச் செய்யலாம். அந்த இரண்டாயிரத்தில் பெரும்பகுதி பரிசுக்குத்தான் போகும். விளையாட்டுச் சாமான் முக்கால்வாசி உங்கள் பரணிலும் அடுப்படியிலும் ஏற்கெனவே கிடக்கிறது.

செய்முறைக்கு முன்னால் ஒன்று. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கோ, கார்த்திகையில் விரிஞ்சிபுரம் கடை ஞாயிறு விழாவுக்கோ போய் வந்தவர்களுக்குத் தெரியும், திருவிழாக் கடையில் வளையம் எறிவது பார்க்க வெகு சுலபமாக இருக்கும், எறிந்தால் விழாது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, அது அவர் பிழைப்பு. எல்லோருக்கும் விழுந்தால் அவர் வண்டி வாடகைக்குக்கூடத் தேறாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் அவர் செய்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பார்க்கக் கஷ்டமாகத் தெரிய வேண்டும், ஆடினால் விழ வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கண்ணில் பட்ட டப்பாவை அடுக்கி, கையில் கிடைத்த பந்தைக் கொடுத்து, ஒரு பிள்ளைக்கும் விழாமல் அரை மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். அல்லது எல்லோருக்கும் எல்லாமும் விழுந்து பத்து நிமிஷத்தில் சலித்துவிடும்.

எவ்வளவு சுலபமாக வைப்பது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு ஆளுக்கு மூன்று வாய்ப்பு கொடுங்கள். ஒவ்வொரு எறிக்கும் மூன்றில் ஒரு பங்கு விழும்படி விளையாட்டை அமைத்தால், மூன்றும் தவறிப்போவது 27-இல் 8 தடவைதான். அதாவது பத்துப் பிள்ளைகளில் ஏழு பேராவது ஒரு தடவை ஜெயித்துவிட்டு இறங்குவார்கள். தோற்ற மூன்று பேர் திரும்ப வரிசையில் வந்து நிற்பார்கள். இந்த அளவுதான் கூட்டத்தைப் பிடித்து வைக்கும். சரிபார்ப்பதும் எளிது: முதல் நாள் சாயங்காலம் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இருபது தடவை எறியச் சொல்லுங்கள். ஆறு ஏழு விழுந்தால் சரி. இரண்டு மூன்றுதான் விழுகிறது என்றால் நின்று எறிகிற கோட்டைக் கிட்டே கொண்டு வாருங்கள்.

கோடு என்றதும் சொல்லிவிடுகிறேன், எறிகிற விளையாட்டு எல்லாவற்றுக்கும் கோலமாவில் மூன்று கோடு போடுங்கள். சின்னதுகளுக்கு ஒரு மீட்டர், பத்து வயதுக்காரர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு, பெரியவர்களுக்கு மூன்று. கல்லூரியில் கிரிக்கெட் ஆடிய சித்தப்பா யாராவது வந்து நின்றால் இடது கையால் எறியச் சொல்லுங்கள்.

வளையத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எவர்சில்வர் வளையமோ கெட்டி பிளாஸ்டிக் வளையமோ வைத்தால் பாட்டிலின் வாயில் பட்டதும் துள்ளி வெளியே போய்விடும். குறி சரியாக இருந்தும் விழாது. துள்ளாத வளையம் வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் பழைய ஓஸ் பைப் இருந்தால் 47 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள், வளைத்தால் சுமார் 15 செ.மீ. அகல வளையம் கிடைக்கும். இரண்டு முனைகளையும் சேர்க்க, உள்ளே இறுக்கமாகப் போகிற வேப்பங்குச்சித் துண்டு ஒன்றைச் செருகி மேலே டேப் சுற்றுங்கள். அதற்கு மேல் கிழிந்த பருத்திச் சேலையை நாடாவாகக் கிழித்துச் சுற்றிவிட்டால் மூன்று வேலை ஒன்றாக முடியும்: எடை கூடும், துள்ளல் அடங்கும், பார்க்கவும் திருவிழாக் களை வரும். எடை முக்கியம். சாயங்காலக் காற்றில் மொட்டை மாடியில் வெறும் பைப் வளையம் திசை மாறும்.

குறிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறைத்து வையுங்கள். உடம்பு எட்டு செ.மீ. அளவுக்கு இருக்கும், 15 செ.மீ. வளையம் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கு இந்த இரண்டு மடங்கே போதும். சின்னதுகளுக்கு மூன்று மடங்காவது வேண்டும், வளையத்தை 24 செ.மீ. அகலத்துக்குச் செய்யுங்கள் (பைப் நீளம் 75 செ.மீ.). பாட்டில்களை நெருக்கமாக வைத்தால் ஒன்றில் பட்டு இன்னொன்றில் விழும் அதிர்ஷ்டமும் வரும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். எறியும்போது வளையம் தரைக்குச் சமமாக, லேசான சுழலோடு போக வேண்டும். தலைக்கு மேல் தூக்கி எறிகிற பிள்ளைக்கு இதைக் காதில் சொல்லிக்கொடுங்கள்.

இதன் குட்டி வடிவம் ஒன்றும் உண்டு. பழைய பிளாஸ்டிக் வளையல்களும், பூஜைக்கோ கல்யாணத்துக்கோ வெட்டிப் போட்ட வாழை மரத்தின் ஒரு முழத் துண்டும் போதும். மரத்தைப் படுக்கப் போட்டு அதில் மூங்கில் குச்சிகளை நட்டு, வளையலை எறிய வேண்டியதுதான். குச்சி முனையை மழுங்கச் சீவிவிடுங்கள். 2.6 வளையல் என்றால் இரண்டு அங்குலமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கும், உள் அகலம் 60 மி.மீ. வரும். கைக்குழந்தை வளையலை எடுக்காதீர்கள், யாருக்கும் விழாது. கண்ணாடி வளையல் கூடவே கூடாது.

அடுத்தது தண்ணீரில் காசு. ஒரு வாளித் தண்ணீர், அடியில் ஒரு கிண்ணம், மேலிருந்து காசை விட்டுக் கிண்ணத்தில் விழ வைக்க வேண்டும். செலவே இல்லாத விளையாட்டு, ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் கூட்டம் நிற்பது இங்கேதான். பாட்டி தாத்தா கூட உட்கார்ந்துகொண்டே ஆடலாம். காசு ஏன் தவறுகிறது என்பதற்கு இரண்டு காரணம். தட்டையாக விட்டால் தண்ணீர் அதை ஒரு பக்கமாகத் தள்ளும், அது மறுபக்கம் சாயும், இலை உதிர்கிற மாதிரி ஆடி ஆடி எங்கேயோ போய் இறங்கும். செங்குத்தாக விட்டால் கொஞ்ச ஆழம் நேராக இறங்கும், அப்புறம் அதுவும் திரும்பிக்கொள்ளும். இரண்டாவது காரணம் கண். சாய்வாகப் பார்க்கும்போது ஒளி வளைவதால் கிண்ணம் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். நேர் மேலே குனிந்து பார்த்தால் இடம் சரியாகத் தெரியும், ஆழம் மட்டும் முக்கால் பங்காகக் குறைந்து தெரியும்.

இந்த இரண்டையும் வைத்து நீங்கள் கஷ்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திருவிழாவில் வாளி ஆழமாக இருக்கும், அடியில் கிடப்பது மிகச் சின்னக் கிண்ணம். நீங்கள் அகலமான டப்பில் 15 செ.மீ. தண்ணீர் ஊற்றி, ரசம் ஊற்றிக் குடிக்கிற எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். சின்னதுகள் முறை வரும்போது குழம்புக் கிண்ணமாக மாற்றிக்கொள்ளலாம். காசிலும் வித்தியாசம் உண்டு. பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு 9 கிராம் எடை, 23 மி.மீ. அகலம். 2011-இல் வந்த ஐந்து ரூபாய் அதே அகலம், ஆனால் 6 கிராம். தடித்த காசு குறைவாக அலையும். உண்டியலில் பழசு கிடந்தால் தேடி எடுத்து நான்கு வயதுக்காரர்களுக்குக் கொடுங்கள், பெரிய பையன்களுக்கு லேசான காசு. எல்லோருக்கும் தெரியும்படி டப் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் பார்க்கிறவர்களுக்கும் வேடிக்கை.

டப்பா அடித்தலுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அளவில் ஆறு டப்பா, கீழே மூன்று, நடுவில் இரண்டு, உச்சியில் ஒன்று. பால் பவுடர் டின் என்றால் வெட்டு விளிம்பில் டேப் ஒட்டுங்கள். பெரிய பையன்களுக்குக் கீழ் வரிசை டப்பாக்களில் ஒரு பிடி மணல் போட்டால் ஆட்டம் மாறிவிடும். பந்துக்குப் பழைய சாக்ஸில் புளியங்கொட்டை நிரப்பிக் கட்டுங்கள், நூறு நூற்றைம்பது கிராம் போதும். டென்னிஸ் பந்து துள்ளி மாடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், அதை எடுத்து வரவே ஒருவரை நிறுத்த வேண்டியிருக்கும். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உறவுக்காரர் இருந்தால் கழிவுத் தோல் துண்டு கேட்டு வாங்குங்கள், அதில் தைத்த புளியங்கொட்டைப் பை வருஷக்கணக்கில் உழைக்கும். அவரிடமே காலி ஷூ பெட்டிகளும் சொல்லி வையுங்கள். டப்பாவுக்குப் பதில் அவற்றை அடுக்கலாம், சத்தமே வராது. டின் என்றால் பின்னால் கோணிப்பையைத் தொங்கவிடுங்கள், கீழ் வீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது, ஆணிப்பலகை. மேலிருந்து கோலியை விட்டால் ஆணிகளில் தட்டித் தட்டி இறங்கி அடியிலுள்ள அறைகளில் ஒன்றில் விழும். இதில் திறமைக்கு வேலை இல்லை, நான்கு வயதும் நாற்பதும் ஒன்று. அதனாலேயே கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும், எறியத் தெரியாத பிள்ளைக்கும் பெரிய பரிசு கிடைக்கிற ஒரே இடம் அது.

ஒன்றரை அடிக்கு ஓரடி பிளைவுட், 12 மி.மீ. தடிப்பு போதும். ஒன்றரை அங்குல ஆணி 21. முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படி ஆறாவது வரிசையில் ஆறு. ஒரு வரிசையில் ஆணிக்கு ஆணி இரண்டரை செ.மீ., அடுத்த வரிசை ஆணிகள் மேல் வரிசை இடைவெளிகளுக்கு நேர் நடுவில். சாதாரணக் கோலி 16 மி.மீ. அளவில் இருக்கும், இந்த இடைவெளியில் தாராளமாகப் போகும். கூட்டிவிட்டால் ஆணியில் படாமலேயே விழுந்துவிடும், ஆட்டமே இருக்காது. அடியில் ஐஸ்குச்சிகளை ஒட்டி ஏழு அறை, இரண்டு பக்கமும் மரச்சட்டம். பலகையைச் சுவரில் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் கோலி வெளியே தெறிக்கும்.

பரிசை எந்த அறையில் வைப்பது? ஒவ்வொரு வரிசையிலும் கோலி இடமோ வலமோ போகிறது, ஆறு வரிசைக்கு 64 வழி. ஓரத்து அறைக்குப் போக ஒரே வழிதான். அடுத்ததற்கு 6, அதற்கடுத்து 15, நடுவுக்கு 20. கோலி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை நடுவிலேயே போய் விழும். இரண்டு ஓரங்களும் சேர்ந்து 32-இல் ஒன்று. முப்பது பிள்ளைகளும் மூன்று கோலி வீதம் விட்டால் 90, அதில் மூன்று கோலி அளவுக்கு ஓரத்துக்குப் போகலாம். ஆகவே பெரிய பரிசு ஓரத்தில், நடுவில் ஒரு கடலை மிட்டாய். எத்தனை பெரிய பரிசு வாங்குவது என்பதற்கும் இந்தக் கணக்கே விடை, நான்கு வாங்கி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆணி கோணலாக அடித்திருந்தால் கணக்கு மாறும், முதல் நாள் ஐம்பது கோலி விட்டுப் பாருங்கள். இதைப் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் விட்டு எண்ணச் சொன்னால் நிகழ்தகவுப் பாடம் முழுசாகப் புரிந்துவிடும், அவர்களுக்குத் தெரியாமலேயே.

பெரிய பிள்ளைகளுக்குக் கம்பித் தடம் வையுங்கள். துணி காயப்போடும் கொடிக்கம்பியை நெளிநெளியாக வளைத்துப் பலகையில் நிறுத்தி, இன்னொரு துண்டுக் கம்பியில் சின்ன வட்டம் செய்து அதில் கோர்க்க வேண்டும். இரண்டு ரிமோட் செல், 3 வோல்ட் பஸ்ஸர் ஒன்று, இரண்டு முழம் ஒயர்; தடம், செல், பஸ்ஸர், வட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒயரால் இணையுங்கள். வட்டம் தடத்தைத் தொட்டால் பஸ்ஸர் கத்தும், தொடாமல் மறுமுனைக்குப் போனவருக்குப் பரிசு. வட்டத்தைப் பெரிதாக்கினால் சுலபம். தடத்தின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆள் இல்லாத நேரத்திலும் கத்திக்கொண்டே இருக்கும். வீட்டு மின்சாரத்தில் எந்த அடாப்டரையும் செருக வேண்டாம், செல்லே போதும்.

சுழல் சக்கரத்துக்குப் பழைய இரும்புக்கடையில் பெரிய சைக்கிளின் முன் சக்கரம் தேடுங்கள். அதில் 32 போக்ஸ் கம்பி இருக்கும், நான்கு நான்காகப் பிரித்தால் எட்டுப் பங்கு. பின் சக்கரம் கிடைத்தால் 40 கம்பி, பத்துப் பங்கு. பழைய சீட்டுக்கட்டு அட்டை ஒன்றைக் கம்பியில் உரசும்படி வைத்தால் கடகட சத்தம் வரும், பாதி சந்தோஷம் அந்தச் சத்தத்தில்தான். வால்வு இருக்கும் பக்கம் கனமாகி எப்போதும் கீழே வந்து நிற்கும், அதற்கு எதிர்ப்பக்கம் ரிம்மில் கொஞ்சம் கம்பி சுற்றிச் சமன் செய்யுங்கள். ஆனால் இதில் காசு கட்டி ஆடுகிற பேச்சே வேண்டாம். திருவிழா ஓரத்தில் நடக்கிற லங்கர் கட்டையைப் போலீஸ் துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபக்கம், பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமே வேண்டாம் என்பது இன்னொரு பக்கம்.

காசுக்குப் பதில் புளியங்கொட்டை. ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்து, ஆட்டத்துக்கு ஒன்று வசூலியுங்கள். நம் பக்கம் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் அரை மணி நேரத்தில் சில பையன்கள் பாக்கெட் நிறையக் கொட்டையோடு வருவார்கள். கொடுக்கிற கொட்டைகளில் முன்னாடியே நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

நான்கைந்து வயதுகளுக்குத் தனியாக ஒன்று இருக்கட்டும்: காகித மீனில் ஜெம் கிளிப் மாட்டி, குச்சியில் நூல் கட்டி, நுனியில் காந்தம். பழைய ஸ்பீக்கரின் பெரிய காந்தமாக இருக்க வேண்டும். பட்டன் அளவுக் காந்தம் வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றை ஒன்று இழுத்துக் குடலையே ஓட்டை போட்டுவிடும். கோலி, காசு கடைகளுக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளை விடாதீர்கள். பலூனும் துப்பாக்கியும், பலூனும் கூர் அம்பும் வீட்டில் வேண்டாம் என்பது என் கட்சி. பலூன் வேண்டுமென்றால் உட்கார்ந்து உடைக்கிற போட்டி வையுங்கள், அதையும் சாயங்காலம் ஊதுங்கள். மே மாத வெயிலில் மதியமே ஊதி வைத்தால் ஆட்டம் தொடங்கும் முன் பாதி தானாகவே வெடித்திருக்கும்.

உறியடி கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். மாடியில் வேண்டாம், கீழே தெருவிலோ வாசலிலோ வையுங்கள். கண்ணைக் கட்டிய ஆளின் கை நீளமும் கம்பு நீளமும் சேர்ந்து இரண்டு மீட்டர், அதற்கு மேல் தடுமாறும் அடி ஒன்று. ஆகவே மூன்று மீட்டர் வட்டம் போட்டு யாரும் உள்ளே வராமல் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். மண்பானை உடைந்தால் ஓடு வெறுங்காலில் குத்தும், பிள்ளைகள் மிட்டாய் பொறுக்கப் பாயும் நேரம் பார்த்து. பலூன் மேல் செய்தித்தாளும் மைதாப் பசையும் நான்கு அடுக்கு ஒட்டி இரண்டு நாள் காயவைத்தால் நல்ல காகிதப் பானை கிடைக்கும். நம்மூர் வெயிலில் ஒரு நாளே போதும்.

நேரம் ஐந்து மணிக்கு மேல். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், மாடித்தரை நான்கு மணிக்கும் காலைச் சுடும். நாலரைக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள், கோலமாக் கோட்டை அதற்கப்புறம் போடுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் எறியும் திசை எப்போதும் படிக்கட்டு அறைச் சுவரை நோக்கியே இருக்கட்டும். மோர்ப் பானை ஒன்று, நிழலில்.

பரிசுக்கு வேலூர் லாங்கு பஜாரில் ஒரு சுற்று சுற்றினால் போதும்: கமர்கட், தேன் மிட்டாய், கடலை மிட்டாய், பேனா, ஹேர் கிளிப். மொத்தமாக வாங்கினால் விலை படியும். பெரிய பரிசைக் கடையில் வாங்காமல் சீட்டில் எழுதலாம். ‘ஒரு வாரம் கடைக்குப் போகச் சொல்ல மாட்டோம்’, ‘ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா செலவில் ஆம்பூரில் பிரியாணி’. பிளாஸ்டிக் காரைவிட இதற்குத்தான் சண்டை போடுவார்கள். ஒன்றுமே ஜெயிக்காமல் போகிற பிள்ளைக்கு இறங்கும்போது கையில் ஒரு மிட்டாய் பொட்டலம் கொடுத்து அனுப்புங்கள்.

கடைகளைப் பெரியவர்கள் நடத்தாதீர்கள். பதினோரு வயதுக்கு மேற்பட்டவர்களை இரண்டு இரண்டு பேராகக் கடைக்காரர்களாக்குங்கள். அட்டையில் பெயர்ப்பலகை எழுதுவது, கூவி அழைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆடுவதைவிடக் கடை நடத்துவதற்குத்தான் போட்டி வரும் என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றுங்கள். முப்பது பேருக்கு ஆறு கடை போதும். எட்டு வைத்தால் இரண்டு காலியாகவே கிடக்கும்.

முடிந்ததும் வளையங்களையும் சாக்ஸ் பந்துகளையும் ஒரு கோணியில் கட்டிப் பரணில் போட்டுவிடலாம், பொங்கலுக்கு உதவும். பந்துக்குள் இருக்கும் புளியங்கொட்டையை முன்னாடியே ஒரு நாள் நன்றாகக் காயவைத்திருந்தால்தான் பூச்சி பிடிக்காது. ஆணிப்பலகையை மட்டும் மாடியிலேயே விட்டுவிடாதீர்கள். வெயிலும் மழையும் பட்டுப் பிளைவுட் வளைந்தால் அடுத்த தடவை கோலி ஒரே பக்கமாக ஓடும்.